கோபுரத்து அரசஞ்செடி

திருத்தொண்டுகளுள் உழவாரப் பணி மிக எளியது. மந்திரம் அறிய வேண்டியதில்லை, பொருள் வேண்டியதில்லை, குனிந்து நிமிர உடலும், குனிவதற்கு மனமும் இருந்தால் போதும். திருநாவுக்கரசர் பெருமான் கையில் உழவாரப் படையேந்தித் தலந்தோறும் சென்று திருமுற்றத்துப் புல்லையும் பூண்டையும் செதுக்கினார். இன்றும் எந்தச் சிவாலயத்தில் நால்வர் திருவுருவங்களைக் கண்டாலும், தோளில் சாய்ந்த அந்தக் கருவியைக் கொண்டே அப்பர் இவர் என்று குழந்தைகளும் அடையாளம் காண்கின்றனர்.

உழவாரத் தொண்டர்கள் தரையில் முளைத்த புல்லைவிட விமானத்தில் முளைத்த செடிக்கே அதிகம் அஞ்சுவார்கள். பறவையின் எச்சத்தில் வந்த அரசம் வித்து, சுதைக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் தங்கி, ஒரு மழைக்குப் பின் இரண்டு இலை விடும். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பச்சையாக அழகாகவே இருக்கும். அந்த நிலையில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். பத்தாண்டு விட்டுவிட்டாலோ வேர் கற்களின் பொருத்துகளுக்குள் இறங்கிவிடும். பிறகு மரத்தை வெட்ட வேண்டுமானால் விமானத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடத்தி, அதற்கு முன் சாரம் கட்டி, உச்சி முதல் உபபீடம் வரை ஒவ்வோர் இடுக்கையும் பார்த்துச் செப்பனிடும் மரபில் இந்த எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது.

சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் வாழும் ஒரு பெரியவருக்கு இது நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தந்தையார் மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்தவர். நாற்பது வயதில் உழவாரக் குழு ஒன்றில் சேர்ந்து, ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு கோயிலில் தரை கழுவுவதும் விளக்குகளைத் துலக்குவதுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். 2023 பிப்ரவரியில் சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் குடமுழுக்கின்போது, அந்த வயதிலும் பக்தர்களுக்குத் தண்ணீர் வழங்கும் தொண்டில் நாள் முழுதும் நின்றார்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அவர் வீட்டுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவர் பெயருக்கு, மற்றொன்று அறுபத்தாறு வயதான அவர் துணைவியார் பெயருக்கு. வயதுக்கேற்ற உடற்பரிசோதனைகளைச் செய்துகொள்ளுமாறு அழைக்கும் கடிதங்கள் அவை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றோடு, பெருங்குடல் புற்றுநோய்க்கான முன்பரிசோதனையும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஆண், பெண் இருபாலரும், உடலில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டின் பரிந்துரை.

பெரியவர் கடிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்துவிட்டார். முந்தைய ஆண்டுகளில் வந்த கடிதங்களும் அங்கேதான் இருந்தன.

அவர் மகள் விடவில்லை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம், ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமாக வழங்கும் சோதனைப் பைகளைப் பெற்று வந்து, தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு இரண்டாக மேசைமேல் வைத்தாள். ஒவ்வொரு பையிலும் விரல் நீளத்தில் ஒரு சிறு குப்பி, அதன் மூடியோடு இணைந்த மெல்லிய குச்சி, கழிவறைத் தொட்டியில் விரிக்க ஒரு தாள், அஞ்சல் தலை ஒட்டத் தேவையில்லாத உறை ஆகியவை இருந்தன. இரண்டு வெவ்வேறு நாள்களில், மலத்தின் மேற்பரப்பைக் குச்சியால் சில இடங்களில் லேசாகச் சுரண்டிக் குப்பிக்குள் செருகி, நாளைக் குறித்து அஞ்சலில் சேர்த்தால் போதும்.

பெரியவர் முகம் சுளித்தார். "பூசையறை இருக்கிற வீட்டில் இதை வைத்துக்கொள்வதா? விடியற்காலையில் நீராடித் திருநீறு பூசுகிறவன் செய்கிற காரியமா இது? எனக்கு ஒரு நோவும் இல்லை. இருந்தால் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அம்மையார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரவில் மகள் போன பிறகு, தம் பங்குக்கு வந்த இரண்டு பைகளையும் எடுத்துக் கணவர் பைகளோடு சேர்த்து வைத்தார். "நீங்கள் செய்யாவிட்டால் நானும் செய்யப்போவதில்லை. எனக்கு மட்டும் எதற்கு?" என்றார். நாற்பத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் அவருக்குப் பழகிப்போன வழி அது. கணவர் உண்ணாமல் தாம் உண்டதில்லை. கணவர் மருத்துவரிடம் போகாமல் தாமும் போனதில்லை.

இப்படியே மூன்று வாரங்கள் சென்றன.

இந்த நோயைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் கடைசிப் பகுதியே மலக்குடல். வயது ஏற ஏற அதன் உட்சுவரில் சிறு சதைமொட்டுகள் தோன்றுவதுண்டு. மருத்துவர்கள் அவற்றைப் பாலிப் என்பர். பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் கிடக்கும். அவற்றுள் ஒருசில, மெல்ல மெல்லப் பெருத்துப் பல ஆண்டுகளில், பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ கழித்து, புற்றுநோயாக மாறும். அந்த ஆண்டுகளில் வலி இருக்காது, பசி குறையாது, எடை குறையாது. வலி தெரியத் தொடங்கும் வேளையில் வேர் சுவரைக் கடந்திருக்கக்கூடும்.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சம் பேர் அளவில் மாண்டனர். புற்றுநோய் மரணங்களுள் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்கே. ஆனால் பல புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இதற்கு உண்டு. மொட்டாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் நோய் வராமலே தடுக்கலாம். நோயாக மாறிய பின்னும் குடற்சுவருக்குள் அடங்கியிருக்கும் நிலையில் கண்டால், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

மொட்டும் கட்டியும் அவ்வப்போது துளித்துளியாக இரத்தம் கசிவதுண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காண்பதே குப்பிச் சோதனையின் நோக்கம். ஃபிட் என்று சுருக்கமாக வழங்கப்படும் இது, மனித இரத்தத்தின் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு செயல்படுகிறது. இதற்கு முன்னிருந்த பழைய சோதனையில் இறைச்சி, முள்ளங்கி போன்றவை குழப்பம் விளைவிக்கும் என்பதால் உணவுக் கட்டுப்பாடு வேண்டியிருந்தது. இதற்கு அது வேண்டியதில்லை.

இத்தகைய சோதனை உயிர் காக்குமா என்பதும் ஆராயப்பட்ட செய்தியே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 46,551 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வெளியாயிற்று. அந்தப் பழைய முறையிலேயே ஆண்டுதோறும் சோதனை செய்துகொள்ள அழைக்கப்பட்டவர்களிடையே, பதின்மூன்று ஆண்டுகளில், பெருங்குடல் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஜப்பான் 1992 முதல் நாற்பது வயதைக் கடந்தோர்க்கு ஃபிட் சோதனையைப் பரிந்துரைத்து வருகிறது. கொரியா, தைவான், பிரிட்டன் முதலிய நாடுகளும் தத்தம் மக்களை இதற்கு அழைக்கின்றன.

இவை எல்லாம் மகள் தந்தையிடம் சொன்னவைதாம். பெரியவர் மறுத்துப் பேசவில்லை, அசையவுமில்லை. ஒருநாள் மாலை, பூசை முடிந்து பெரியபுராணத்தை விரித்தவர், துணைவியாரைப் பார்த்து, "அப்பருக்கு வந்ததும் வயிற்று நோய்தானே? அந்தச் சூலையைத் தீர்த்தது மருந்தா, அதிகை வீரட்டானத்து இறைவனா?" என்று கேட்டார்.

அம்மையார் கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "இறைவன்தான் தீர்த்தார். ஆனால் அதற்கு முன் அப்பர் என்ன செய்தார்? வலியை மூடி மறைத்தாரா? தம் சமையற்காரரை அனுப்பித் தமக்கை திலகவதியாருக்குச் சேதி சொன்னார். தமக்கையார் அங்கு வர மறுத்தபோது, வெட்கம் பாராமல் இரவோடு இரவாகத் தாமே போய் அவர் காலில் விழுந்தார். சொன்னதால்தானே திருநீறு கிடைத்தது?" என்றார்.

சற்று நேரம் கழித்து மீண்டும் சொன்னார்: "தீட்டு என்கிறீர்கள். மூன்று பிள்ளைகளுக்கு மலத்துணி அலசிய கை இது. அலசிவிட்டுக் குளித்து அந்தக் கையாலேயே விளக்கேற்றினேன். உங்கள் தாயார் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அப்படியே. அன்று ஒருநாளும் விளக்கேற்றாதே என்று நீங்கள் சொன்னதில்லையே."

பெரியவருக்கு விடை இல்லை. தம் தாயாருக்கு நடந்த பணிவிடையை அவர் கண்ணால் கண்டவர், அதை ஒரு முறைகூடத் தீட்டென்று எண்ணியதில்லை, தொண்டென்றே எண்ணியிருந்தார்.

மறுநாள் காலை, நீராடுவதற்கு முன், அவர் முதற் குப்பியை எடுத்தார். கழிவறைக்குள்ளேயே வேலை முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூடி இறுகியபின் வெளியே எதுவும் தெரியவில்லை, வாடையும் இல்லை. பிறகு குளித்துத் திருநீறு பூசி வழக்கம்போல் வழிபாட்டில் அமர்ந்தார். அம்மையாரும் தம் சொற்படி செய்தார். இரண்டு நாள்களில் நான்கு குப்பிகளும் அஞ்சலில் சேர்ந்தன. கோயிலுக்குப் போகும் வழியில் அஞ்சல் பெட்டியில் போட்டவர் பெரியவரே.

சில வாரங்களில் அவருக்கு வந்த கடிதத்தில் இரண்டு குப்பிகளிலும் இரத்தம் இல்லை என்றிருந்தது. அம்மையாருக்குக் கடிதம் வரவில்லை. தொலைபேசி அழைப்பு வந்தது. அவருடைய இரண்டு குப்பிகளில் ஒன்று தூயது. மற்றொன்றில் இரத்தம் இருந்தது.

அழைத்தவர் தமிழ்ச் செவிலியர். "அம்மா, பயப்படாதீர்கள். இரத்தம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மூலமாக இருக்கலாம், சிறு மொட்டாக இருக்கலாம். ஆனால் எது என்று உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொரு குப்பியைக் கொடுத்துச் சரிபார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்" என்றார். இந்தக் கடைசிச் சொல் கவனிக்கத்தக்கது. கசிவு எல்லா நாளும் இருப்பதில்லை. அதனால்தான் இரண்டு நாள் மாதிரி கேட்கப்படுகிறது. ஒன்றில் தென்பட்டாலும் அதைத் தென்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

அப்போது புரட்டாசி. கொலுப் பொம்மைகள் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டன. நவராத்திரி முடியட்டும் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். இரண்டு மூன்று வாரத் தாமதத்தால் கேடில்லை, ஆனால் அதற்குமேல் தள்ளக்கூடாது என்று மருத்துவர் ஒப்பினார். விசயதசமி கழிந்த மறுவாரத்திற்கு நாள் குறிக்கப்பட்டது.

அகநோக்கிச் சோதனைக்கு, அதாவது கொலோனோஸ்கோபிக்கு, உடலை ஆயத்தம் செய்வதே பலருக்கும் கடினமாகத் தோன்றுவது. இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே கீரை, பழத்தோல், விதை, முழுத்தானியம் முதலிய நார்ப்பொருள்களை நீக்க வேண்டும். முந்திய நாள் தெளிந்த நீர்மங்கள் மட்டும். பிறகு குடலைக் கழுவும் மருந்துநீரைப் பல குவளைகள் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். பலமுறை கழிவறைக்குச் செல்ல நேரும். ஏகாதசியும் சஷ்டியும் வழுவாமல் இருந்தவராதலால் உணவைத் துறப்பது அம்மையாருக்குப் பெரிதாகப் படவில்லை. "பாரணைதான் எப்போது என்று தெரியவில்லை" என்று சிரித்தார். சர்க்கரை மாத்திரை, இரத்தத்தை இளக்கும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்கள் அவற்றை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது இன்றியமையாதது. அம்மையார் சர்க்கரை நோயாளி. அவருக்கு அதற்கெனத் தனிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள்.

சோதனை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. உறக்க மருந்து தந்திருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இரண்டு சிறு மொட்டுகள் இருந்தன. கம்பிச் சுருக்கால் அங்கேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். குடலின் உட்சுவரில் வெட்டும் வலியை உணரும் நரம்பு இல்லையாதலால் அதற்கு வலி கிடையாது. ஆனால் இடப்புறம், குடல் வளையும் இடத்தில், மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது மொட்டாக எழுந்து நிற்கவில்லை. சுவரோடு படிந்து இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்தது. சிறிது சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். புற்றுநோய் என்று முடிவு வந்தது.

அன்றிரவு பெரியவர் உறங்கவில்லை. பஞ்சாங்கத்துக்கு அடியிலிருந்த பழைய கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக நாள் பார்த்தார். தமக்கு வந்ததைத் தாம் ஒதுக்கியபோதெல்லாம், துணைவியாருக்கு வந்ததும் கூடவே ஒதுங்கியிருந்தது. தம் ஆசாரம் தம்மை மட்டும் சார்ந்தது என்று அவர் நினைத்திருந்தார். தம் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பதும், தாம் நின்ற இடத்திலேயே அவரும் நின்றுவிட்டார் என்பதும் அன்றுதான் அவருக்கு விளங்கிற்று. மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நான் இன்னும் ஒரு வருடம் பிடிவாதம் பிடித்திருந்தால்?" மகள் விடை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேவைப்படவுமில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் அம்மையாருக்கு இரண்டு கவலைகள் இருந்தன. முதலாவது, வயிற்றில் பை வைத்துவிடுவார்களோ என்பது. பல முதியவர்கள் இந்த அச்சத்தாலேயே மருத்துவமனையின் பக்கம் போவதில்லை. கட்டி மலக்குடலின் மிகக் கீழ்ப்பகுதியில் இருந்தாலோ, குடல் அடைத்துப்போய் அவசரமாக வந்தாலோதான் பெரும்பாலும் அதற்குத் தேவை ஏற்படும். இவருடையது மேலே இருப்பதாலும், காலத்தில் கண்டதாலும், நோயுள்ள பகுதியை நீக்கி இரு முனைகளையும் சேர்த்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் படம் வரைந்து விளக்கினார்.

இரண்டாவது கவலை கந்த சஷ்டி. முப்பது ஆண்டுகளாக ஆறு நாளும் பாலும் பழமுமாகவே இருந்தவர். அறுவைக்கு முன் நன்றாக உண்டு உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டும், பருப்பும் பயறும் தயிரும் குறையக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் கோயிலில் குருக்களிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். குருக்கள், "பிணியுற்றவருக்கும் வயோதிகருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு, அம்மா. உண்டுவிட்டு வந்து சந்நிதியில் உட்காருங்கள், அதுவே இந்த வருஷத்து விரதம்" என்றார். அவ்வாறே ஆறு நாளும் மூன்று வேளை உண்டு, மாலையில் சந்நிதியில் அமர்ந்திருந்தார்.

நவம்பர் இறுதியில் சிறு துளைகள் வழியே அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். வெட்டியெடுத்த பகுதியை ஆராய்ந்ததில், நோய் குடற்சுவரின் தசைப்படலத்தைத் தாண்டவில்லை. நிணக்கணுக்கள் எதிலும் பரவவில்லை. முதல் நிலை என்றார்கள். வேதிமருந்துச் சிகிச்சை தேவைப்படவில்லை.

2024 ஜனவரித் தைப்பூசத்தில் அவர் பால்குடம் எடுக்கவில்லை. பாரம் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. டேங்க் சாலை ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில் வாயிலருகே நாற்காலியில் அமர்ந்து மற்றவர்கள் எடுத்துவந்ததைக் கண்டார். அந்த ஆண்டு நவம்பரில் மீண்டும் அகநோக்கிச் சோதனை செய்தபோது குடல் தூயதாக இருந்தது. 2025 பிப்ரவரித் தைப்பூசத்தில், தமக்காக ஒரு குடமும், தாம் எடுக்காத ஆண்டுக்காக மற்றொன்றும் எடுக்க வேண்டுமென்றார். இரண்டாவது குடத்தைப் பெரியவர் சுமந்தார்.

மகள் தன் பொருட்டும் மருத்துவரைக் கண்டாள். பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களைவிட முன்னதாகவே, நாற்பது வயதிலோ அதற்கு முன்போகூட, சோதனை தொடங்க வேண்டியிருக்கும். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று. அவள் குடலிலும் ஒரு சிறு மொட்டு இருந்தது, எடுத்துவிட்டார்கள். தாயின் நோய் மகளுக்கு ஒரு காவலாயிற்று.

பெரியவர் உழவாரக் குழுவில் இதை மறைக்கவில்லை. ஒரு ஞாயிறு, பணி முடிந்து சுண்டல் வழங்கும் வேளையில், தம் ஊர்க் கோயில் விமானத்தைப் பிளந்த அரசமரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிக் குப்பியில் முடித்தார். முதலில் சிலர் சிரித்தனர். சிலர் உண்ணும்போது இந்தப் பேச்சா என்றனர். பிறகு ஒவ்வொருவராகத் தனியே வந்து, அந்தப் பை எங்கே கிடைக்கும் என்று கேட்டனர். அவர் யாரிடமும் முடிவைக் கேட்பதில்லை. வீட்டம்மாளும் செய்துகொண்டாரா என்று மட்டும் கேட்கிறார்.

இச்சோதனையின் எல்லைகளையும் அறிந்திருத்தல் நலம். ஒரு முறை செய்யும் ஃபிட் சோதனை, இருக்கும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றைக் காட்டும், எஞ்சியதைத் தவறவிடக்கூடும். சிறு மொட்டுகளைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே, ஒரு முறை நன்று என்று வந்ததைக் கொண்டு வாழ்நாள் முழுதும் கவலையற்று இருக்கலாகாது. குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அகநோக்கிச் சோதனையில் குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவே எனினும், வயது முதிர முதிர அது கூடுகிறது. எனவே இதற்கும் ஒரு வயது வரம்பு உண்டு. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை சோதனைப் பையை வீட்டுக்கே அனுப்புகின்றனர். அமெரிக்காவில் 45 முதல் 75 வரை பரிந்துரை, 76 முதல் 85 வரை அவரவர் உடல்நிலையையும் முன்பு செய்த சோதனைகளையும் விருப்பத்தையும் கொண்டு மருத்துவரோடு கலந்து முடிவு செய்வது, அதற்குமேல் வேண்டுவதில்லை. எண்பது வயதைக் கடந்த ஒருவர் சோதனை வேண்டாம் என்று மருத்துவரோடு பேசி முடிவெடுத்தால் அது அலட்சியமாகாது.

இவை நோய்க்குறி எதுவும் இல்லாதவர்க்கு உரியவை. மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கறுத்துப் போனாலோ, மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றிச் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, எடை குறைந்தாலோ, இரத்தசோகை என்று சொல்லப்பட்டாலோ, குப்பியை எதிர்பார்த்துக் காத்திராமல் எந்த வயதினரும் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எல்லா இரத்தத்தையும் மூலம் என்று தாமே முடிவு கட்டிக்கொள்வது பெரும் பிழை.

இந்தியாவில் முப்பது வயதைக் கடந்தோர்க்கு அரசு நடத்தும் புற்றுநோய் முன்பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கே அமைந்துள்ளது. பெருங்குடல் அதில் இல்லை. மேலை நாடுகளைவிட இந்நோய் இங்கு குறைவாகக் காணப்படுவது அதற்கு ஒரு காரணம். ஆதலால் இங்கே கடிதம் வீடு தேடி வராது; கேட்க வேண்டியவர் அவரவரே. ஐம்பதைக் கடந்தவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடம், மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் சோதனை தங்களுக்குத் தேவையா, குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்ததைக் கொண்டு முன்னதாகச் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். கேட்பதற்கு நாணம் வேண்டியதில்லை. மருத்துவர்க்கு இது அன்றாடச் செய்தி.

வீட்டுப் பெரியவர் ஆணாயினும் பெண்ணாயினும், தமக்காகக் கேட்கும்போதே துணைக்காகவும் கேட்டுவிடுவது நல்லது. தம் உடம்பைப் பற்றித் தாமாக வாய் திறக்காமல், மற்றவர் செய்யட்டும் என்று பின்னால் நிற்கும் ஒருவர் பெரும்பாலான இல்லங்களில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்த பின், அவரை அருகில் அமர்த்தி, "நீயும் கேட்டாயா?" என்று ஒரு சொல் கேட்டால் போதும்.